பார்க்கின்சன் வந்தவரை உட்கார வைக்காதீர்கள்: ஓய்வெடுத்தே நான் தொலைத்த இரண்டு வருடங்கள்

முதலில் சுருங்கியது என் கோலம். 2018 மார்கழியில் ஒரு நாள், பால் வாங்க வெளியே வந்த எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், பதினைந்து புள்ளிக் கோலத்தை ஏன் இவ்வளவு சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. வழக்கம்போல்தான் போட்டிருந்தேன். அவர் வாசலில் அதே பதினைந்து புள்ளி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. என்னுடையது இரண்டு முறம் வைக்கும் இடத்துக்குள் அடங்கிவிட்டது. உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதல் வரிசைப் புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தன. போகப் போக நெருங்கி, கடைசி வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். அதே வருடம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்றார்கள், பேசுவது கேட்கவில்லை என்றார்கள். ஒரு நாள் சாம்பாருக்குப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். டப்பா நிறைய இருந்தது, வாசனை மட்டும் இல்லை. இவையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மணிகள் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் புனேயில் இருக்கிறான். கும்பகோணத்தில் ஒரு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன்.

2019 தொடக்கத்தில் வலது தோள்பட்டை இறுகிப் பின்னல் போடக் கை எழவில்லை. எலும்பு மருத்துவர் சர்க்கரைக்காரர்களுக்கு வரும் தோள் இறுக்கம் என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை என்று சொன்னேன், இல்லாதவர்களுக்கும் வரும் என்றார். தோளை ஸ்கேன் செய்ய 7,000 ரூபாய். ஊசிக்கு 3,000. கரண்ட் வைக்கத் தடவைக்கு 250 வீதம் நாற்பது தடவை, அது 10,000. பணத்தைக் காட்டிலும் பத்து மாதம் போனதுதான் எனக்கு ஆற்றாமை. தோள் இறுக்கம் பார்க்கின்சனின் முதல் அறிகுறியாகவே வரக்கூடும், நடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றுவரை நடுக்கம் கிடையாது. ஒரு பக்கத் தோள் இறுகி, அந்தப் பக்கத்துக் கை நடக்கும்போது வீசாமல் தொங்கி, எழுத்தும் சிறுத்து, வாசனையும் போய், நாள்பட்ட மலச்சிக்கலோ தூக்கத்தில் கை கால் உதைப்பதோ இருந்தால், கரண்ட் வைப்பதற்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தாலே போக வேண்டும்.

2020 பிப்ரவரியில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் எந்த ஸ்கேனும் கேட்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், தாழ்வாரத்தில் நடந்து திரும்பி வரச் சொன்னார், ஒரே வாக்கியத்தைப் பத்து முறை எழுதச் சொன்னார். பத்தாவது வாக்கியம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மூளையில் அசைவை நடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டு வருகின்றன, பெயர் பார்க்கின்சன், நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள் என்றார். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள் அம்மா, நன்றாக ஓய்வெடுங்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாத்திரை வேலை செய்கிறது, கை கொஞ்சம் இளகியிருக்கிறது, இனி இருக்கிற தெம்பைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று நினைத்தேன். வங்கியில் பணம் சேர்ப்பதைப் போல உடம்பில் தெம்பைச் சேர்த்துவைக்கலாம் என்று நம்பினேன். பார்க்கின்சனில் கணக்கு அப்படி இல்லை. பயன்படுத்தாத அசைவு போய்விடுகிறது. எட்டு மாதத்தில் முதுகு வளைந்தது, நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயல வேண்டியதாயிற்று. பள்ளி திறந்தால் மாடிப்படி ஏற முடியாது என்ற பயத்தில் 2020 டிசம்பரில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். ஓய்வு வயதை அந்த மே மாதம் 59 ஆக்கியிருந்தார்கள், அடுத்த வருடம் 60 ஆயிற்று. எனக்கு ஆறரை வருடப் பணி மிச்சம் இருந்தது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மாதம் ஏறக்குறைய 45,000 வித்தியாசம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 35 லட்சம் வருகிறது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானே போனேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை அரசு நிறுவனங்கள் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, செய்துவந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு உதவி பெறுகிறவையும் அதில் அடக்கம். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை கேட்டிருந்தால் போதும். நோய் தெரிந்த முதல் வருடத்தில் வேலையை விடும் முடிவை எடுக்காதீர்கள். அந்த வருடம் பயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

2021இல் எழுந்து நின்றால் தலை சுற்ற ஆரம்பித்தது. ஊரடங்கில் நரம்பியல் மருத்துவரிடம் போக முடியாமல் பக்கத்தில் காட்டினேன். தலைசுற்றலுக்குச் சின்னரிசின் கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுங்கினேன். தலைசுற்றல் நிற்கவில்லை, நடை மட்டும் மோசமாகிக்கொண்டே போயிற்று. ஆகஸ்ட்டில் ஒரு காலை சாதக் குண்டானைத் தூக்கிக்கொண்டு சமையலறை நிலைப்படியைத் தாண்டப் போனேன். கால்கள் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போய்விட்டது. இடது மணிக்கட்டு முறிந்தது. பூக்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை முக்கால் மணி நேரம் கொதிசாதத்துக்குப் பக்கத்தில் கிடந்தேன். பிளேட் வைத்துத் தைக்க 68,000 ஆயிற்று. அதற்குப் பிறகு நரம்பியல் மருத்துவர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து, அந்தத் தலைசுற்றல் மாத்திரையை எடுத்துத் தனியே வைத்தார். சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகிய நான்கும் டோபமைனின் வேலையைத் தடுப்பவை, பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆகாதவை. இந்த நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். என் தலைசுற்றலுக்குக் காரணம் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்குவது. உட்கார்ந்திருக்கும்போது 130, எழுந்து நின்றால் 100. இரண்டு நிலையிலும் அளந்து பார்க்கச் சில நிமிடம் போதும். அதைச் செய்ய அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

விழுந்த பிறகு பதற்றத்தில் செய்த செலவுகளும் உண்டு. உறவினர் ஒருவர் பூனைக்காலிச் சூரணம் வாங்கி வந்தார். பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. ஏற்கெனவே அதே மருந்தை மாத்திரையாக விழுங்குகிறவர் அளவு தெரியாமல் மேலே சூரணமும் சாப்பிட்டால் என்ன ஆகும்? கழுத்து தானாக நெளிந்தது, இரவெல்லாம் குமட்டல். 9,000 ரூபாய்ச் சூரணத்தைப் பாதியில் நிறுத்தினேன். மகன் 42,000 ரூபாய்க்கு டிரெட்மில் அனுப்பினான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு குனிந்தபடி தேய்த்துத் தேய்த்து நடந்தேன். கை வீச்சும் இல்லை, நிமிர்வும் இல்லை. கெட்ட நடையை நானே பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பட்டை முன்னே ஓட, கால் பின்தங்கி, முழங்கால் இரண்டும் சிராய்த்தன. விழுந்தால் பட்டையை நிறுத்தும் கயிற்றை ஆடையில் மாட்ட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. டிரெட்மில்லை 15,000க்கு விற்றேன்.

2022 ஜூனில் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சொல்லித்தான் தஞ்சாவூரில் நரம்பு நோய்களுக்கென்றே படித்த ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். கரண்ட், ஒத்தடம் எதையும் அவர் தொடவில்லை. அறையின் ஒரு கோடியில் நிற்கவைத்து, "டீச்சர், இப்போது உங்களால் எவ்வளவு பெரிதாக அடி எடுத்து வைக்க முடியுமோ, அவ்வளவு பெரிதாக நடங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தோன்றும் அளவுக்கு நடங்கள்" என்றார். கூச்சமாக இருந்தது. குடியரசு தின அணிவகுப்பில் சிப்பாய் நடப்பதைப் போலக் கையை வீசி, காலைத் தூக்கி வைத்து நடந்தேன். அவர் அதைத் தன் கைபேசியில் படம் பிடித்து எனக்குக் காட்டினார். அதில் சிப்பாயும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கடைத்தெருவுக்குப் போவதைப் போலச் சாதாரணமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன். மூன்றரை வருடத்துக்கு முந்தைய அந்தக் கோலம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கணக்கு டீச்சருக்குப் புரியும்படி சொல்வதென்றால், கெட்டுப்போனது கை கால் அல்ல, உள்ளே இருக்கும் அளவுகோல். அதில் 15 சென்டிமீட்டர் என்று குறித்திருக்கும் இடத்தில் உண்மையில் 8தான் இருக்கிறது. அதை வைத்து அளக்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் "கையை வீசி நடங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை, வீசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நாங்கள் நினைப்போம். மிகை என்று நமக்குப் படும் அளவுக்குப் போனால்தான் மற்றவர்களின் இயல்பான அளவு வரும். இந்தக் கொள்கையில் முறைப்படுத்திய ஒரு பயிற்சி இருக்கிறது. குரலுக்காக முதலில் அமெரிக்காவில் உருவானது. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பின்னர் உடம்பசைவுக்கும் விரிந்தது. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு வாரம், ஆக 16 அமர்வு. என் பிசியோதெரபிஸ்ட்டும் அதே அளவில் நடத்தினார். தடவைக்கு 500, மொத்தம் 8,000. நான் தண்டமாகக் கொடுத்ததன் பக்கத்தில் அது ஒரு தொகையே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், செலவில்லாத முதல் வேலை அவர் நடப்பதைப் படம் பிடித்து அவருக்கே காட்டுவது. கேலியாக இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

இப்போது என் காலை இப்படிப் போகிறது. ஆறரைக்கு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. இரண்டு வருடம் அதைக் காப்பியோடு விழுங்கிவிட்டு உடனே இட்லி சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பால், பருப்பில் உள்ள புரதம் லெவோடோபாவைக் குடலில் உறிஞ்ச விடாமல் போட்டி போடும் என்று தெரியாது. ஏழேகாலுக்கு மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும். பயிற்சியை அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும். மாத்திரையின் வேகம் குறைந்த நேரத்தில் செய்தால் விழுவோம், மனமும் விட்டுப்போகும். முதலில் நாற்காலியிலிருந்து எழுவது, பத்து முறை. விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, பிறகு ஒரே வீச்சில் எழ வேண்டும். நாங்கள் எழ முடியாமல் தவிப்பது பெரும்பாலும் குனியாமலே எழப் பார்ப்பதால்தான். அடுத்தது பக்கவாட்டில் பெரிய அடி, கையை அகல விரித்து, பத்து விரலும் விறைக்கும்படி. அடுப்பு மேடையைத் தொட்டுக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பது. பிறகு தெருக்கோடிக் கோயில் பிரகாரம். அதன் தரை கருங்கல் பலகை பாவியது. பலகைகளின் இணைப்புக் கோடுகள் குறுக்கே வரிவரியாக ஓடுகின்றன. கோட்டைக் கண்டால் கால் தானாக உயர்ந்து தாண்டுகிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் தடுமாறும் அதே கால்தான் அங்கே தாராளமாகப் போகிறது. நடக்கும்போது உரக்க வாய்ப்பாடு சொல்கிறேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று. அடிக்கு அடி தாளம் கிடைக்கிறது, குரலுக்கும் பயிற்சி. மனப்பாடமாக வருவதைத்தான் சொல்ல வேண்டும். யோசித்துப் பேசினாலோ கையில் எதையாவது தூக்கினாலோ கால் மறந்துவிடும். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கும் பயிற்சியும் உண்டு. அது பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

எவ்வளவு கடினமாகச் செய்வது என்பதில் நானும் முதலில் ஏமாந்தேன். மெல்ல உலாவுவதைப் பயிற்சி என்று நினைத்திருந்தேன். 2018இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத 128 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். இதயத் துடிப்பு உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் எட்டும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றன. வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்களுக்குக் கூடின. மிதமாக நடந்த குழுவில் அந்த அளவு பலன் தெளிவாகத் தெரியவில்லை. நெதர்லாந்தில் 130 பேரில் பாதிப்பேர் வீட்டிலேயே நிலைமிதிவண்டியை வாரம் மூன்று முறை மிதித்த ஆய்வும் 2019இல் இதே திசையில்தான் முடிந்தது. நான் பழைய நிலைமிதிவண்டி ஒன்றை 7,000க்கு வாங்கினேன். விழும் பயமில்லை, வேகத்தைக் கூட்டலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறக்குறைய கிடைக்கும். எனக்கு அன்று 165, அதில் 80 சதவீதம் 132. கருவி இல்லாவிட்டால், மூச்சு வாங்காமல் சில சொற்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எக்கோ, டிரெட்மில் சோதனை எடுத்து இதய மருத்துவர் சம்மதிக்காமல் வேகத்தைக் கூட்டாதீர்கள். முதல் இரண்டு மாதம் நான் 110ஐத் தாண்டவில்லை.

கால் ஒட்டிக்கொள்வது இன்னும் வருகிறது, நிலைப்படியிலும் திரும்பும்போதும். வந்தால் தள்ளிக்கொண்டு போக முயலக் கூடாது. நின்று, மூச்சை விட்டு, உடம்பின் கனத்தை இடமும் வலமும் மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் மாட்டுவண்டி திரும்புவதைப் போல அகலமாக வளைந்து வர வேண்டும். வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. சமையலறை வாசலில் முதலில் சாக்பீஸால் ஒன்றரை அடிக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அன்றே பலித்தது. துடைக்கத் துடைக்க அழிந்ததால் வெள்ளைப் பெயின்டில் ஐந்து கோடு அடிக்கச் சொல்லிவிட்டேன். அந்த நிலைப்படியில் நான் அதன் பிறகு விழவில்லை.

நோய் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. சென்ற வருடம் மாத்திரை அளவு கூடியது. சில காலைகளில் எதிலும் மனமே செல்லாது. அது சோம்பல் இல்லை, இந்த நோயின் ஒரு குணம் என்று தெரிந்தபின் என்னை நானே திட்டிக்கொள்வதை விட்டேன். அந்த நாட்களுக்காகவே எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏழேகாலுக்கு நான் படியிறங்காவிட்டால் அவர் வந்து கதவைத் தட்டுவார்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் கணவரை அழைத்து வந்தார். நோய் தெரிந்து நான்கு மாதம். வீட்டில் எல்லோரும் அவரைத் தாங்குகிறார்கள், தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர் மகளிடம் கைபேசியைக் கொடுத்து, என் வீட்டுத் திண்ணையோரம் அவர் நடந்து வருவதைப் படம் பிடிக்கச் சொன்னேன். அவர் அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு, "நன்றாகக் காலைத் தூக்கி வைத்துத்தானே டீச்சர் நடந்தேன்?" என்றார். ஆமாம், உங்களுக்கு அப்படித்தான் தெரியும் என்று சொல்லி, என் படத்தையும் போட்டுக் காட்டினேன். இதயப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை நாள் வாங்கியிருக்கிறார்கள். அது சரியாக இருந்தால் திங்கள் காலை ஏழேகாலுக்கு அவரையும் பிரகாரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.